குவெரியர் இல்லாத ஸ்னூப்பிங்: மல்டிகாஸ்ட் கட்டுப்பாட்டில் விடுபடும் பாதி

ஸ்விட்சில் மல்டிகாஸ்ட் போக்குவரத்தைக் கட்டுப்படுத்த ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்கை இயக்கிவிட்டால் போதும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. குவெரியர் இன்றி இயங்கும் ஸ்னூப்பிங், ஸ்னூப்பிங்கே இல்லாத நிலையைவிடக் கெடுதலானது என்பது இக்கட்டுரையின் வாதம்.

மல்டிகாஸ்ட் முகவரி எந்தச் சட்டகத்திலும் அனுப்புநர் முகவரியாக வருவதில்லை. ஆகவே வழக்கமான முறையில் ஸ்விட்ச் அதைக் கற்றுக்கொள்ள வழியில்லை; விலானின் எல்லாப் போர்ட்டுகளுக்கும் அனுப்பிவிடுகிறது. 20 கேமராக்கள் தலா 4 மெகாபிட் அனுப்பினால், ஓரத்தில் கிடக்கும் பிரிண்டரின் 100 மெகாபிட் போர்ட்டிலும் 80 மெகாபிட் போய் விழும். இந்தக் கேடு முதல் நாளே தெரிந்துவிடும்.

ஸ்னூப்பிங் இதைத் தடுக்கிறது: ஒரு குழுவில் சேரும் கருவி அனுப்பும் அறிக்கையை ஒட்டுக்கேட்டு, அந்தப் போர்ட்டைப் பதிவு செய்கிறது. ஆனால் பதிவுக்கு ஆயுள் உண்டு; குழுவில் இன்னும் யார் இருக்கிறார்கள் என்று குவெரியர் அவ்வப்போது கேட்க, கருவி மறுமொழி தந்தால்தான் அது புதுப்பிக்கப்படும். 1997-இல் வந்த ஐஜிஎம்பி இரண்டாம் பதிப்பின் இயல்பு மதிப்புகளின்படி கேள்வி 125 நொடிக்கு ஒருமுறை. இருமுறை கேட்கும் காலத்தோடு மறுமொழிக்கான 10 நொடியும் சேர்ந்து பதிவின் ஆயுள் 260 நொடி. மல்டிகாஸ்ட் ரவுட்டர் இருந்தால் அதுவே குவெரியராகிக் கேட்கும். கேமராக்களுக்கென ஒதுக்கிய தனி விலானில் பெரும்பாலும் அப்படி ஒன்று இருப்பதில்லை. திரையை இயக்கியதும் கருவி தானாக ஓர் அறிக்கை அனுப்புகிறது, படம் வருகிறது. சோதித்தவர் இரண்டு நிமிடம் பார்த்துக் கையெழுத்திட்டுக் கிளம்புகிறார். நான்கு நிமிடம் கடந்ததும் படம் உறைகிறது. கருவியை அணைத்துப் போட்டால் மறுபடி வருவதால், பழி கேமராவின் மேல் விழுகிறது.

எல்லா ஸ்விட்சிலும் படம் உறையாதே என்று மறுக்கலாம். மறுப்பு நியாயமானது. பதிவில்லாத குழுவின் போக்குவரத்தை எல்லாப் போர்ட்டுக்கும் அனுப்ப 2006-இன் ஆர்.எஃப்.சி. 4541 இடம் தருகிறது. அத்தகைய ஸ்விட்சில் படம் நிற்காது. கட்டுப்பாடுதான் சத்தமில்லாமல் போய்விடும். கட்டமைப்புப் பக்கத்தில் ஸ்னூப்பிங் 'இயக்கத்தில்' என்றே காட்டிக்கொண்டிருக்கும்.

புயல் கட்டுப்பாடு இதற்கு மாற்றாகாது. அது வேகத்தை அளக்கிறதே தவிர வேண்டியது எது, வேண்டாதது எது என்று அறியாது. வரம்பு தாண்டினால் பார்த்துக்கொண்டிருக்கும் படத்தையும் வெட்டும். லூப் விபத்துக்கு அது காப்பு, அவ்வளவே.

குவெரியரை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். பல கருவிகள் குவெரியராகப் போட்டியிட்டால் மிகச் சிறிய ஐபி முகவரி உடையதே தேர்வாகும். ஸ்விட்சுகள் குவெரியர் இருக்கும் திசையை ரவுட்டர் போர்ட்டாகக் கருதி, எல்லா மல்டிகாஸ்டையும் அங்கேயும் அனுப்பும். மூன்றாம் மாடி ஓரத்து ஸ்விட்சுக்குத் தற்செயலாகச் சிறிய முகவரி வாய்த்தால், கட்டடத்தின் மொத்த ஒளியோட்டமும் அதன் ஒற்றை இணைப்பில் நெரியும். மைய ஸ்விட்சுக்கே வேண்டுமென்று சிறிய முகவரி தர வேண்டும். அடுத்த சிறிய முகவரி மாற்றுக் குவெரியருக்கு.

ஏற்புச் சோதனையைப் பத்து நிமிடமாவது ஓடவிடுங்கள்; குவெரியரின் முகவரியைப் பதிவேட்டில் எழுதாமல் கையெழுத்திடாதீர்கள்.