பழைய நெதர்லாந்து ஓவியத்தில் உருவமும் எழுத்தும்

பதினைந்தாம் நூற்றாண்டில் பிளாண்டர்ஸ் நாட்டில் எழுந்த உருவ ஓவியங்களைப் பற்றி எழுதுவோர், அவை உள்ளதை உள்ளவாறே காட்டும் திறத்தைப் பெரிதும் பாராட்டுவர். அப்பாராட்டுப் பொருந்துவதே. எனினும், அவற்றின் நோக்கம் அவ்வளவில் அமைவதன்று. ஓவியர் பலகையிலும் சட்டத்திலும் பொறித்த எழுத்துகளை நோக்கின், உருவப்படம் ஒருவரைப் பற்றிய சான்றாகவும் கருதப்பட்டமை புலனாகும். இதனை ஈண்டு ஆராய்வோம்.

கோயிலுக்கு ஓவியம் அளித்த செல்வர், அதில் மண்டியிட்டு வணங்கும் கோலத்தில் தம்மையும் தீட்டச் செய்தல் பழைய மரபு. 1432-இல் நிறைவுற்ற கெண்ட் நகரப் பலிபீட ஓவியத்தில் யோடோகஸ் வெய்த் என்பாரும் அவர் மனைவியாரும் அவ்வாறே காணப்படுகின்றனர். அதனை முடித்த யான் வான் ஐக், அதே ஆண்டில், கூப்பிய கையின்றி ஓர் ஆடவரைத் தனிப்பலகையில் தீட்டினார். இத்தாலியில் பக்கத்தோற்றமே பெருவழக்காயிருந்த அக்காலத்தில், இவர் முகத்தை முக்காற்பங்கு திருப்பி, ஒளியும் நிழலும் படிய அமைத்தார்.

இலண்டனில் உள்ள அவ்வோவியத்தில், ஆடவருக்கு முன்னே பிளவுற்ற கற்சுவர் ஒன்று தீட்டப்பட்டுள்ளது. அதில் 'உண்மை தவறா நினைவு' என்னும் பொருள்பட பிரெஞ்சுச் சொற்கள் உள்ளன. அவற்றின் கீழே 1432 அக்டோபர் 10 என்னும் நாளும் ஓவியர் பெயரும் இலத்தீனில் காணப்படுகின்றன. அத்தொடரின் முதற்சொல் ஆவணங்களில் பயிலும் வாய்பாடாகும். எனவே, ஓவியர் இங்குச் சான்று பகர்வார் போல நிற்கின்றார் எனலாம்.

புரூஜ் நகரில் உள்ள மார்கரெட்டின் உருவப்படம் இதனினும் ஒருபடி மேற்செல்கின்றது. அதன் சட்டத்தின் மேற்புறம், தன் கணவர் யான் தன்னை 1439 ஜூன் 17-இல் முடித்தார் எனப் படமே கூறுவதுபோல் உள்ளது. கீழ்ப்புறம், தனக்கு அகவை முப்பத்து மூன்று என்கின்றது. முடிக்கப்பெற்றது பலகை, அகவை உடையவர் மனைவியார். 'தன்' என்னும் ஒரே சொல் இருவேறு பொருளையும் சுட்டுதலின், படமும் ஆளும் ஒன்றாகி விடுகின்றன. அடுத்த இரண்டாண்டில், 1441-இல், ஓவியர் மறைந்தார். மனைவியாரின் அகவை அச்சட்டத்தில் மாறாது நின்றது.

ஒப்புமையே இவ்வோவியங்களின் உயிர் எனின், ரோகியர் வான் டெர் வெய்டனின் படைப்பு அதற்கு இயையாது. வாசிங்டனில் உள்ள அவருடைய மங்கையின் நீண்ட முகமும் தாழ்ந்த இமைகளும் குறைகளைந்து செம்மைப்படுத்தப்பட்டவை. அங்கே நினைவில் நிற்க வேண்டியது அம்மங்கையின் அடக்கமும் குடிப்பிறப்புமே. ஆகவே, எதனை நினைவாக விட்டுச் செல்வது என்பதை ஓவியர் தெரிந்தெடுத்தனர் என்பது பெறப்படும்.

ஆயினும், எழுத்து எப்போதும் காக்க வல்லதன்று. முற்கூறிய கற்சுவரில் கிரேக்க எழுத்தில் 'திமொதேயஸ்' என்றும் உள்ளது. அது அவரது இயற்பெயரன்று என்று கொண்ட பானோப்ஸ்கி, அவரை இசைவாணர் பின்ஷ்வா எனக் கருதினார். அக்கருத்து அனைவர்க்கும் உடன்பாடாகவில்லை. நாளும் ஓவியர் பெயரும் ஐயமின்றி விளங்க, நினைவுக்குரியவர் எவர் என்பதே மறைந்தது. எழுத்து வாக்களித்த நினைவை இன்று அம்முகமே தாங்கி நிற்கின்றது.