எலியின் மீசையும் மூளையின் உள்ளறையும்

விளக்கு அணைந்து வீடு உறங்கிய பின், பரணிலிருந்து இறங்கும் எலி சுவரை ஒட்டி ஓடுகிறது. அதன் கண்பார்வை கூர்மையானதன்று. காரிருளில் அதுவும் பயன்படுவதில்லை. ஆயினும் அது எதிலும் மோதிக் கொள்வதில்லை. முகத்தின் இரு மருங்கிலும் நீண்டிருக்கும் மீசை மயிர்களை வினாடிக்குப் பல முறை முன்னும் பின்னும் வீசி, எதிர்ப்படும் பொருளின் தொலைவையும் வடிவையும் சொரசொரப்பையும் அறிந்து கொள்கிறது. நமக்கு விரல் நுனி எப்படியோ, எலிக்கு மீசை அப்படி. மயிரில் பட்ட செய்தி மூளையில் எவ்வாறு உணர்ச்சியாகிறது? இவ்வினாவுக்கு விடை தேடிய வரலாற்றையே இன்று சொல்லப் போகிறேன்.

மூளையின் நடுவே, ஆழத்தில், முட்டை வடிவமான இரண்டு சாம்பல் நிறத் திரள்கள் உள்ளன. இவற்றுக்குத் தலாமஸ் என்று பெயர். கிரேக்க மொழியில் இச்சொல்லுக்கு உள்ளறை என்பது பொருள். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மருத்துவர் காலென் மூளையை விவரித்தபோது இச்சொல்லைக் கையாண்டார். எனினும் அந்த அறைக்குள் நடப்பது யாது என்பது நெடுங்காலம் விளங்கவில்லை. 1906-இல் பிரான்சு நாட்டு மருத்துவர்களான டெஜெரீனும் ரூசியும், தலாமஸ் பழுதுற்ற நோயாளிகளுக்கு உடலின் ஒரு பாதியில் தொடுவுணர்ச்சி குன்றுவதையும், அதே பாதியில் தாங்கவொண்ணாத வலி எழுவதையும் விவரித்தனர். தொடுவுணர்ச்சி செல்லும் வழியில் இந்த உள்ளறை இருக்கிறது என்பது உறுதியாயிற்று.

எலியின் மீசைக்கும் ஆராய்ச்சியாளர் வந்தனர். 1912-இல் அமெரிக்காவில் ஸ்டெல்லா வின்சென்ட் என்ற பெண்மணி, வெள்ளெலிகளின் மீசையைக் கத்தரித்துவிட்டுச் சிக்கலான பாதைகளில் அவற்றை ஓடவிட்டுப் பார்த்தார். மீசை இழந்தவை தடுமாறின.

பத்து ஆண்டுகள் சென்றன. ஸ்பெயின் நாட்டில், புகழ்பெற்ற காஹாலின் மாணவரான லோரெந்தே தே நோ என்ற இளைஞர் சுண்டெலியின் பெருமூளைப் புறணியை மைக்ராஸ்கோப்பில் ஆராய்ந்தார். 1902-இல் பிறந்த அவருக்கு அப்போது வயது இருபதுதான். புறணியின் ஓரிடத்தில் நரம்புச் செல்கள் உருண்டை உருண்டையாகத் திரண்டு நிற்பதை அவர் கண்டார். கண்டதை 1922-இல் வெளியிட்டார். ஆனால் அப்பகுதியைச் செவிப்புலனுக்குரியது என்று கருதிவிட்டார். கண் கண்டது சரி. கொண்ட கருத்துத்தான் பிழை.

அந்தப் பிழை நீங்க ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று. 1970-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த தாமஸ் வுல்சியும், டச்சு நாட்டவரான ஹென்ட்ரிக் வான் டெர் லோஸும் ஓர் எளிய மாறுதலைச் செய்தார்கள். மூளையின் மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி வெட்டுவதே வழக்கம். அவர்கள் மேற்பரப்புக்கு இணையாகச் சீவிப் பார்த்தார்கள். உடனே முழுச் சித்திரமும் தெரிந்தது. செல்கள் பீப்பாய்களைப் போல் வட்டமிட்டு, ஐந்து வரிசைகளாக நின்றன. சுண்டெலியின் முகத்திலும் பெரிய மீசை மயிர்கள் ஐந்து வரிசைகளே! ஒரு மயிருக்கு ஒரு பீப்பாய். முகத்தின் படம் மூளையில் வரையப்பட்டிருந்தது.

அந்தப் படத்தை வரைந்தது யார்? 1973-இல் அவ்விருவரும், பிறந்து சில நாட்களே ஆன குட்டிகளின் மீசை மயிர்க்கால்கள் சிலவற்றைச் சிதைத்தனர். அக்குட்டிகள் வளர்ந்தபோது அவற்றுக்கு உரிய பீப்பாய்கள் உருவாகவில்லை. ஆகவே படத்தின் மூலம் முகத்திலேயே இருக்கிறது. ஆனால் முகத்திலிருந்து எந்த நரம்பும் நேரே புறணிக்குச் செல்வதில்லை. செய்தி மூளைத்தண்டை அடைந்து, அங்கிருந்து மறுபுறம் கடந்து, தலாமஸின் வழியாகவே மேலே ஏறுகிறது. 1976-இல் வான் டெர் லோஸ் தலாமஸையே ஆராய்ந்தார். அங்கும் மயிருக்கு ஒன்றாகச் சிறு திரள்கள் அதே வரிசையில் இருந்தன. உள்ளறையின் சுவரிலும் அதே படம்!

இக்கதையின் உச்சம் 1991-இல் வந்தது. ஷ்லாகர், ஓலியரி என்ற இரு விஞ்ஞானிகள், கருவிலுள்ள எலியின் மூளையில் பார்வைப் புலனுக்குரிய புறணித் துண்டை எடுத்து, புதிதாகப் பிறந்த எலியின் தொடுவுணர்ச்சிப் பகுதியில் பதித்தனர். தலாமஸிலிருந்து வந்த நரம்பிழைகள் அதனுள் புகுந்தன. பார்வைக்கென்று அமைந்த அந்தத் துண்டிலும் பீப்பாய்கள் தோன்றின! இளம் புறணி வெற்றுப் பலகை என்று இதனால் சொல்லிவிட இயலாது. எனினும் அதில் மீசையின் படத்தைத் தீட்டுவதில் தலாமஸுக்குப் பெரும்பங்கு உண்டு என்பது தெளிவாயிற்று.

வளர்ந்த பிறகும் தலாமஸ் வெறும் தபால்காரனாக இருந்துவிடுவதில்லை. அது புறணிக்கு அனுப்பும் இழைகளைக் காட்டிலும், புறணியிலிருந்து அதற்குத் திரும்பி வருபவை மிகப் பல. அதைச் சூழ்ந்துள்ள மெல்லிய நரம்புப் படலம் ஒன்று வேண்டாத செய்திகளைத் தடுக்கிறது. உறங்கும்போது தலாமஸின் செல்கள் ஒருவிதமாகவும், விழித்துத் துழாவும்போது வேறுவிதமாகவும் இயங்குகின்றன. வருகிறவரை விசாரித்து உள்ளே விடும் வாயிற்காவலனோடு இதனை ஒப்பிடலாம்.

மாணவ நண்பர்களே! 1922-இல் கண்ணெதிரே இருந்ததன் பொருள் 1970-இல்தான் விளங்கியது. இடைக்காலத்தில் எலியின் மூளை மாறிவிடவில்லை. மனிதன் அதை வெட்டிப் பார்த்த திசையே மாறியது. நாளை உங்களுள் ஒருவர் ஆய்வுக்கூடத்தில் அமர்ந்து, எல்லோரும் பார்த்துச் சலித்த ஒன்றைப் பார்க்க நேரலாம். இதில் புதிதாக என்ன இருக்கிறது என்று ஒதுக்கிவிடாமல், வேறு பக்கம் திருப்பி ஒரு முறை பாருங்கள்.