சுருதித் தடமறிதல்

பாடகரின் குரல் கணத்துக்குக் கணம் எந்த அதிர்வெண்ணில் இருக்கிறது என்பதை ஒலிப்பதிவிலிருந்து கணித்து, வரைகோடாகத் தருவது சுருதித் தடமறிதல். பாடற்குரல் ஆய்வின் அடிப்படை வேலை இது. கர்நாடகக் கச்சேரிப் பதிவுகளில் இதற்கென்றே சில சிக்கல்கள் உண்டு.

தனிக்குரல் என்றால் வேலை எளிது. குரல்நாண் அதிரும்போது ஏறக்குறைய ஒரே வடிவ அலை திரும்பத் திரும்ப வருகிறது. அலையைச் சற்றுத் தள்ளி அதன்மேலேயே வைத்தால், எவ்வளவு தள்ளும்போது இரண்டும் பொருந்துகின்றனவோ அதுவே அலைவு நேரம். 2002இல் அலன் த ஷெவெய்ன்யே, ஹிதேகி கவஹாரா இருவரும் வெளியிட்ட ‘யின்’ முறை இந்த வழியைச் செம்மைப்படுத்தியது. இவ்வகை முறைகளின் வழக்கமான பிழை, இரண்டு சுற்றை ஒன்றாக எண்ணி மத்திய ஸ்தாயியை மந்திரமாகக் காட்டுவது. ‘க்க’, ‘ட்ட’ போன்ற இடங்களில் குரல்நாண் ஓய்வதால் கோடும் அறுபடும்; அகாரமாகப் பாடினால் அறுபடாது.

கச்சேரியில் தம்புரா ஓயாமல் ஒலிக்கிறது, மிருதங்கமும் அதே சுருதிக்குச் சேர்த்தது. இவற்றைவிடத் தொல்லை தருவது வயலின்தான். பாடகரை நிழலாகத் தொடர்வதே அதன் கடமை. கணினிக்கோ அது இன்னொரு பாடகர். 2012இல் ஜஸ்டின் சாலமன், எமிலியா கோமேஸ் வெளியிட்ட ‘மெலோடியா’ முறை ஒவ்வொரு கணத்திலும் மேற்சுரங்கள் ஒன்றுகூடி வலுத்திருக்கும் அதிர்வெண்களைத் தேடி, அவற்றைத் துண்டுக் கோடுகளாகக் கோத்து, மெட்டுக்குரியவற்றை மட்டும் நிறுத்திக்கொள்கிறது. பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் வயலினின் கோடு குரல் என்ற பெயரில் நுழைந்துவிடுவது உண்டு.

கிடைத்த கோட்டுக்கு ஆதார ஷட்ஜம் தெரியாமல் பொருளில்லை. ஒரு கட்டை சுருதியில் ஷட்ஜம் ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸ், ஐந்து கட்டையில் 196 ஹெர்ட்ஸ். பாடகருக்குப் பாடகர் ஷட்ஜம் மாறும். அதைப் பூஜ்யமாக வைத்து, ஒரு ஸ்தாயியை 1200 சென்ட்டாகப் பிரித்து அளப்பது வழக்கம். ஷட்ஜத்தைத் தானாகக் கண்டுபிடிக்கத் தம்புராவே கைகொடுக்கிறது, பஞ்சமத்தை ஷட்ஜமென்று எடுத்துக்கொள்ளும் ஆபத்தோடு. பார்சிலோனாவின் பொம்பேவ் ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் சேவியர் செர்ரா தலைமையில் 2011 முதல் 2017 வரை நடந்த ‘காம்ப்மியூசிக்’ திட்டத்தில் இதற்கு நிறைய உழைப்பு போனது, சென்னை ஐ.ஐ.டி.யில் ஹேமா மூர்த்தியின் குழு அதில் பங்கேற்றது.

உண்மையான முடிச்சு இதற்குப் பிறகுதான். தோடியின் சாதாரண காந்தாரம் ஏட்டளவில் 300 சென்ட். பாடும்போது அது ரிஷபத்தை ஒட்டிய இடத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே அசைகிறது. 300இல் குரல் தங்குவதே அரிது. குரல் எந்த உயரத்தில் எவ்வளவு நேரம் நின்றது என்று எண்ணிப் படம் போட்டால், காந்தாரத்துக்குரிய இடத்தில் முகடு மழுங்கிக் கிடக்கும். சங்கராபரண காந்தாரத்தை நீட்டிப் பிடித்தால் கூர்மையான முகடு எழும். ஆகவே முகடுகளை எண்ணி ராகம் சொல்லும் முறைகள் இத்தகைய அசைவு, அதாவது கமகம், மிகுந்த ராகங்களில் தடுமாறுகின்றன. கோட்டின் அசைவையே, அதாவது பிடிகளை, ஒப்பிடும் முறைகள் இங்கே பொருத்தமானவை.

குரலை வாத்தியங்களிலிருந்து பிரித்துவிட்டு அளப்பது இப்போதைய போக்கு. இப்படிப் பிரிக்கும் நரம்பு வலையமைப்புகள் பெரும்பாலும் மேற்கத்திய பாப் பாடல்களைக் கேட்டுப் பழகியவை. கச்சேரியில் ஒலிவாங்கி தனித்தனியாக வைத்துப் பதிந்தாலும் பக்கத்து வாத்தியம் ஒவ்வொன்றிலும் கசிகிறது. அதனால் கலப்பற்ற கர்நாடகக் குரலைப் பயிற்சிக்குத் திரட்டுவதே கடினமாக இருக்கிறது.