கடல் தாண்டி வந்த பிறந்தநாள் வாழ்த்து

அப்பாவின் தகரப் பெட்டியில் ஒரு ரேடியோ உரிமப் புத்தகம் இருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் முத்திரை ஒட்டி, அதன்மேல் தபால் நிலையத் தேதி முத்திரை குத்தியிருக்கும். அன்று வீட்டில் ரேடியோ வைத்திருக்க அரசாங்க உரிமம் வேண்டும். ஆண்டுதோறும் தபால் நிலையத்தில் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். 1980களில்தான் அந்த வழக்கம் ஒழிந்தது. வேதாரண்யத்தில் தபால் எழுத்தராக இருந்த அப்பா, ஊராரின் புத்தகங்களோடு எங்கள் வீட்டுப் புத்தகத்துக்கும் தம் கையாலேயே முத்திரை குத்தினார்.

அந்தப் பணத்தை நாங்கள் கட்டியது பெரும்பாலும் இலங்கை வானொலிக்காகத்தான். திருச்சி நிலையமும் எடுக்கும். செய்திக்கும் கச்சேரிக்கும் அப்பா அங்கே முள்ளைத் திருப்புவார். மற்ற நேரமெல்லாம் கொழும்புதான். கோடியக்கரையிலிருந்து இலங்கையின் வடகரை ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். மத்திய அலை தரையைவிட உப்புநீரின் மேல் வலுக்குறையாமல் வெகுதூரம் போகும். உப்பளத்துக்குப் போகிறவர்கள் சைக்கிள் கைப்பிடியில் டிரான்சிஸ்டரைத் தொங்கவிட்டுக்கொண்டு பாட்டோடு போவதைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

கொழும்பு நிலையத்தின் கதை எங்களுக்கு வெகு முன்பே தொடங்கியது. எட்வர்ட் ஹார்ப்பர் என்ற தந்தித் துறைப் பொறியாளர், முதல் உலகப் போரில் பிடிபட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலின் கருவிகளைக் கொண்டு கொழும்பில் ஒலிபரப்பைச் சோதித்துப் பார்த்தார். 1925 டிசம்பரில் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் கண்டியில் இருந்தது. படைவீரர்களுக்காக ஏக்கலவில் நிறுவப்பட்ட 100 கிலோவாட் சிற்றலைப் பரப்பி, போர் முடிந்தபின் இலங்கைக்கே வந்து சேர்ந்தது. 1949இல் ‘ரேடியோ சிலோன்’ பிறந்தபோது தெற்காசியா முழுவதும் கேட்கக்கூடிய வலு அதனிடம் இருந்தது.

1952இல் இந்தியாவின் செய்தி ஒலிபரப்பு அமைச்சரானார் பி.வி. கேஸ்கர். திரைப்பாடல் ரசனையைக் கெடுக்கிறது என்பது அவருடைய கருத்து. அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு அருகிப்போயிற்று. பாட்டுக்கு ஏங்கிய காதுகள் கொழும்பின் பக்கம் திரும்பின. 1957 அக்டோபரில் அகில இந்திய வானொலியின் பாட்டுச் சேவையான விவித் பாரதி தொடங்கும்போது, இலங்கை வானொலி வீட்டு மனிதரைப்போல் ஆகியிருந்தது.

அறிவிப்பாளர் மயில்வாகனனின் குரலைப் பற்றி அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். கே.எஸ். ராஜாவையும் பி.எச். அப்துல் ஹமீதையும் நானே கேட்டு வளர்ந்தேன். காலையில் ‘பொங்கும் பூம்புனல்’ நிகழ்ச்சிக்குள் குளித்து முடிக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ‘இரவின் மடியில்’ நிகழ்ச்சியைக் கேட்காமல் அக்கா தூங்கமாட்டாள். எங்கள் ஊரில் ‘கழகம்’ என்பதை இலங்கை அறிவிப்பாளர்கள் ‘கூட்டுத்தாபனம்’ என்றார்கள். அந்தச் சொல்லை வாய்க்குள் உருட்டிப் பார்ப்பதே எனக்கும் என் கூட்டாளிகளுக்கும் ஒரு விளையாட்டு.

எல்லாவற்றிலும் எங்களுக்குப் பெரியது பிறந்தநாள் வாழ்த்து நிகழ்ச்சி. 1975இல் தங்கைக்கு முதல் பிறந்தநாள் வந்தது. ஒரு மாதம் முன்பே அப்பா கொழும்புக்குக் கடிதம் எழுதினார். இலங்கைப் பிள்ளைகளுக்கு ‘அம்மம்மா, அம்மப்பா, அப்பம்மா, அப்பப்பா’ என்று வாழ்த்துச் சொல்வதைக் கேட்டுக் கேட்டு, எங்கள் அம்மாயியையும் அப்பாயியையும் அவரும் அப்படியே எழுதிவிட்டார். அன்று காலை எங்கள் திண்ணையில் இருபது பேராவது இருந்திருப்பார்கள். கரகரப்புக்கு நடுவே தங்கையின் பெயர் வந்தது. பிறகு அப்பா, அம்மா, தாத்தா பாட்டிகள், மாமா, சித்தி, கடைசியில் வேதாரண்யம்.

அம்மாயி எழுந்து ரேடியோவின் அருகே போய், “இன்னொரு தரம் சொல்லச் சொல்லுங்க மாப்பிள்ளை” என்றார். அவர் பெயரை வெளியார் யாரும் உரக்கச் சொல்லி நான் கேட்டதில்லை. ஊரில் அவர் இன்னார் மனைவி, இன்னார் தாயார். கல்யாணப் பத்திரிகையிலும் தாத்தாவின் பெயரே இருக்கும். கொழும்பில் முகம் தெரியாத ஒருவர் அந்தப் பெயரைத் திருத்தமாக, மரியாதையாக உச்சரித்தார். அந்த வானொலி எங்களுக்குச் செய்ததில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன்.

எனக்கு அது ஒரு சிநேகிதனைத் தந்தது. 1977இல் நான் கேட்ட பாட்டையே இலங்கையின் பருத்தித்துறைப் பையன் ஒருவனும் கேட்டிருந்தான். இருவர் பெயரும் அடுத்தடுத்து வந்தன. என் பெயரையும் ஊரையும் மட்டும் எழுதி அவன் போட்ட கடிதம், நேரே அப்பாவின் மேசைக்கு வந்தது. நான் தபால்தலை சேர்க்கிறேன் என்று தெரிந்ததும் உறைகளை அடுக்கடுக்காக அனுப்பினான். 1972இல் சிலோன் ஸ்ரீலங்கா ஆனபோது தபால்தலையில் ஆங்கிலப் பெயர் மாறியது. தமிழில் முன்னும் பின்னும் ‘இலங்கை’தான் என்பதை அவன்தான் எனக்குக் காட்டினான். ஒரு கோடையில் ராமேசுவரத்திலிருந்து கப்பலேறித் தலைமன்னார் வழியாக வருகிறேன் என்று எழுதியிருந்தேன்.

1983 ஜூலை இனக்கலவரத்துக்குப் பிறகு அவனிடமிருந்து கடிதம் இல்லை. கப்பலும் நின்றது. படகுகளில் வந்து இறங்கிய குடும்பங்களிடம் அவன் பெயரைச் சொல்லி விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை. வானொலியில் பருத்தித்துறை என்று ஊர்ப்பெயர் வரும்போதெல்லாம் அம்மா ஒலியைக் கூட்டி வைப்பார்.

அந்த ஒலிபரப்பின் வரலாறு நூல்களில் இருக்கிறது. பரப்பியின் கிலோவாட்டும் அறிவிப்பாளர் பெயர்களும் அதில் கிடைக்கும். எழுதிப்போட்டுவிட்டுத் திண்ணையில் காத்திருந்தவர்களை அதில் காண முடியாது; அவர்களுடைய வரலாறு நம் வீட்டுப் பெட்டிகளில்தான் இருக்கிறது. உங்கள் வீட்டில் பழைய உரிமப் புத்தகமோ, வாழ்த்து பதிந்த கேசட்டோ, இலங்கைத் தபால்தலை ஒட்டிய உறையோ இருந்தால் பழைய இரும்போடு போட்டுவிடாதீர்கள். யாருடைய பிறந்தநாள், எந்த ஆண்டு, யார் யார் பெயர் வாசிக்கப்பட்டது என்று பெரியவர்களைக் கேட்டு ஒரு தாளில் எழுதி அதனுடன் வையுங்கள். பாட்டிமார் பெயரை முதலில் எழுதுங்கள்.