போபா ஃபெட்: கவசம், கூலி, வாரிசுரிமை

போபா ஃபெட், ஜார்ஜ் லூகாஸின் ஸ்டார் வார்ஸ் படவரிசையில் வரும் கூலி வேட்டைக்காரன். தலைக்கு விலை வைக்கப்பட்டவர்களைத் தேடிப் பிடித்து, விலை வைத்தவரிடம் ஒப்படைத்துப் பணம் பெறுவது அவன் தொழில். 1978இல் மக்கள் பார்வைக்கு வந்த இந்தப் பாத்திரம், 1980இல் வெளியான ‘தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்’ படத்தில் நான்கே வசனங்கள் பேசுகிறது. 1983இன் ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடை’ படத்தில் ஓர் அலறலோடு மறைகிறது. இவ்வளவு சொற்பச் சரக்கு நாற்பதாண்டுகளுக்கு மேல் எப்படித் தாக்குப்பிடித்தது என்ற கேள்விக்கு ரசிகர்களிடம் ஆயத்தமாக ஒரு பதில் உண்டு: அவன் முகம் தெரியாதவன், மர்மமானவன், நல்லவனா கெட்டவனா என்று சொல்ல முடியாதவன். பிற்காலக் கதைகள் அவனுக்கு அப்பனையும் ஊரையும் கொடுத்துக் கெடுத்துவிட்டன என்ற குறையும் இந்தப் பதிலோடு ஒட்டிக்கொண்டே வரும். பதிலின் முதற்பாதி சரி. மர்மம் இருந்தது உண்மை. ஆனால் அறச்சிக்கல் அப்போது இல்லை. அந்தச் சிக்கல் அவனுக்கு ஒரு கடந்தகாலம் கிடைத்த பிறகே வந்தது என்பதைப் பாத்திரத்தின் வரலாறே காட்டுகிறது.

பிறப்பிலேயே அவன் ஒரு மிச்சம். இரண்டாவது படத்துக்காக ஓவியர் ரால்ஃப் மெக்குவாரியும் வடிவமைப்பாளர் ஜோ ஜான்ஸ்டனும் வரைந்தது ஒரு தனிமனிதனை அல்ல. வெண்கவசம் அணிந்த சிறப்புப் படையை. படை முழுவதற்கும் கவசம் செய்யப் பணம் கட்டுபடியாகாததால், அந்த ஒற்றை உடுப்பு கூலி வேட்டைக்காரன் ஒருவனுக்கு ஒதுக்கப்பட்டு வண்ணம் பூசப்பட்டது. 1978 ஜூனில் நடந்த ஒத்திகைப் படப்பிடிப்பில் அந்த உடுப்பை அணிந்து நின்றவர் துணைப் படத்தொகுப்பாளர் டுவேய்ன் டன்ஹம். அதே ஆண்டு செப்டம்பர் 24 அன்று கலிஃபோர்னியாவின் சான் அன்செல்மோ ஊர்த் திருவிழா ஊர்வலத்தில் படவரிசையின் வில்லன் டார்த் வேடரோடு அந்த உடுப்பு நடந்தது. நவம்பர் 17 அன்று சிபிஎஸ் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான விடுமுறைக்கால நிகழ்ச்சியில், கனடாவின் நெல்வானா நிறுவனம் தயாரித்த கார்ட்டூன் பகுதியில் அவனுக்கு முதன்முதலாகக் குரலும் கிடைத்தது. அடுத்து, பொம்மை உறைகளிலிருந்து வெட்டிய கொள்முதல் சான்றுகளை அனுப்பினால் தபாலில் வரும் பொம்மையாக கென்னர் நிறுவனம் அவனை விளம்பரப்படுத்தியது. முதுகிலிருந்து ஏவுகணை பாயும் என்று சொல்லப்பட்ட அந்தப் பொம்மை, வேறொரு நிறுவனத்துப் பொம்மையின் ஏவுகணை ஒரு குழந்தையின் தொண்டையில் சிக்கி உயிரிழப்பு நேர்ந்ததை அடுத்து, ஏவுகணை ஒட்டப்பட்ட நிலையிலேயே விற்பனைக்கு வந்தது. ஏவுகணை பாயும் மாதிரிகள் இன்று ஏலத்தில் லட்சக்கணக்கான டாலருக்குப் போகின்றன. படம் வரும் முன்பே ஊர்வலம், கார்ட்டூன், பொம்மை மூன்றிலும் அவன் அறிமுகமாகிவிட்டான். கதை இல்லாமலேயே புகழ் பெற்றவன் என்பதால், அந்தப் புகழைக் குணத்தின் ஆழம் என்று பலர் எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை.

படத்தில் அவன் செய்வதை மட்டும் பார்த்தால் குழப்பத்துக்கே இடமில்லை. வேடர் வரவழைக்கும் ஆறு வேட்டைக்காரர்களில், பிடிபடுபவர்களைச் சாம்பலாக்கக் கூடாது என்ற எச்சரிக்கை அவனுக்கு மட்டும் விரல் நீட்டிச் சொல்லப்படுகிறது. அவன் பழைய வழக்கம் என்ன என்பதற்கு அது போதும். குப்பையோடு குப்பையாக மிதந்து, நாயகர்களில் ஒருவனான ஹான் சோலோவின் கப்பலைத் தொடர்கிறான். சோலோவை உறையவைக்கும்போது அவனுக்கு வரும் ஒரே கவலை, ஆள் செத்தால் தன் பணம் என்னாவது என்பது. இது தெளிவான கூலிப் புத்தி. வில்லன் பக்கத்து வேலைக்காரன். அவனுக்கு முன்மாதிரியாகச் சொல்லப்படுவது கிளின்ட் ஈஸ்ட்வுட் நடித்த பெயரற்ற வெஸ்டர்ன் நாயகன். அந்த ஒப்பீட்டைச் சற்று நீட்டிப் பார்த்தால் வேறு முடிவு கிடைக்கிறது. அதே நாயகன் வரும், செர்ஜியோ லியோனேயின் 1965ஆம் ஆண்டுப் படமான ‘ஃபார் எ ஃபியூ டாலர்ஸ் மோர்’ இரண்டு கூலி வேட்டைக்காரர்களைப் பற்றியது. அதில் மனதில் நிற்பவர் லீ வான் கிளீஃப் நடித்த கர்னல் மார்ட்டிமர். அவர் துரத்துவது தன் தங்கையின் சாவுக்குக் காரணமானவனை. கணக்குத் தீர்ந்ததும் பரிசுப் பணத்தைத் தொடாமல் போய்விடுகிறார். லியோனேயின் உலகத்திலும் கூலி வேட்டையை அறச்சிக்கலாக்குவது முகமின்மை அல்ல. குடும்பத்தில் விழுந்த ஒரு காயம். ஃபெட் அந்த மரபிலிருந்து தொப்பியையும் மௌனத்தையும் எடுத்துக்கொண்டான். தங்கையை எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் காயத்தைக் கொடுத்தவர்கள் நாவலாசிரியர்கள். டேனியல் கீஸ் மோரன் 1996இல் ‘டேல்ஸ் ஆஃப் தி பவுண்டி ஹன்ட்டர்ஸ்’ தொகுப்புக்கு எழுதிய கதையில், ஃபெட்டின் உண்மைப் பெயர் ஜேஸ்டர் மெரீல். கான்கார்ட் டான் என்ற உலகில் காவல் பணியில் இருந்தபோது, சக காவலர் ஒருவரைக் கொன்ற குற்றத்துக்காக நாடுகடத்தப்பட்டவன். இந்த ஃபெட் சட்டத்தைப் பிடிவாதமாக நம்புகிறான். குற்றக் கூட்டத் தலைவன் ஜப்பாவின் மாளிகையில் சிறைப்பட்ட இளவரசி லேயாவுக்கு ஒழுக்கம் போதிக்கிறான். அவன் கண்ணில் ஹான் சோலோ போதைச் சரக்கு கடத்திய குற்றவாளி. பிடித்துக் கொடுப்பதே நியாயம். வாசகருக்கு இங்கே உண்மையிலேயே சங்கடம் வருகிறது, ஏனென்றால் சோலோ கடத்தல்காரன்தான். முதுமையில் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் துப்பாக்கியைக் குறிவைத்து நிற்க, யார் சுட்டார்கள் என்று சொல்லாமலே கதை முடிகிறது. கடுமையான ஒழுக்கம், அதற்குப் பின்னால் ஒரு கொலை: இந்த இரண்டும் சேர்ந்த பிறகே, இவனை எந்தத் தட்டில் வைப்பது என்ற கேள்வி எழுந்தது. மோரனின் கதை நீடிக்கவில்லை. 2002இல் வந்த படம் அதைத் தள்ளி வைத்தது. 2014 ஏப்ரலில் லூகாஸ்ஃபிலிம் பழைய நாவல்கள் அனைத்தையும் அதிகாரபூர்வ வரலாற்றிலிருந்து விலக்கியது. காமிக்ஸ் எழுத்தாளர்கள் மட்டும் மெரீல் என்ற பெயரை வீணாக்காமல், ஜாங்கோ ஃபெட்டை எடுத்து வளர்த்தவருக்குச் சூட்டினார்கள்.

‘அட்டாக் ஆஃப் தி க்ளோன்ஸ்’ (2002) சொன்ன பிறப்புக் கதை பலருக்கு ஏமாற்றம். கருத்தளவில் மொத்த வரிசையிலும் இதைவிடத் துணிச்சலான யோசனை குறைவு என்பேன். காமினோ என்ற மழை உலகில் குடியரசுக்காக ரகசியமாக ஒரு படை வளர்கிறது. படைவீரர் அனைவரும் ஜாங்கோ ஃபெட் என்ற ஒற்றைக் கூலி வேட்டைக்காரனின் குளோன்கள். சீக்கிரம் வளரவும் சொன்னபடி கேட்கவும் அவர்களின் உடலும் மனமும் மாற்றப்பட்டிருக்கின்றன. ஜாங்கோ பெற்ற கூலியில் பணத்தோடு ஒரு நிபந்தனையும் சேர்ந்திருந்தது: மாற்றம் எதுவும் செய்யாத ஒரு குளோன் தனக்கு வேண்டும். அந்தப் பிள்ளைதான் போபா. (வெண்கவசப் படையாகத் தொடங்கி, காசில்லாமல் ஒற்றை ஆளாகச் சுருங்கிய வடிவம், இருபத்து நான்கு ஆண்டு கழித்து வெண்கவசப் படையாகவே திரும்பியது திட்டமிட்டதா என்று தெரிந்துகொள்ள ஆசைதான்.) உடலின் கணக்குப்படி போபாவுக்கும் லட்சக்கணக்கான வீரர்களுக்கும் வேறுபாடு அற்பம். ஒருவனுக்கு மகன் என்ற உறவு, மற்றவர்களுக்கு வரிசை எண். வேறுபாடு ஜாங்கோவின் விருப்பத்தில் மட்டும் இருக்கிறது. தன் சாயலில் ஒருவனைத் தூங்கவைத்து, அதே சாயலில் ஒரு படையை விற்ற தகப்பனின் அன்பை எப்படி மதிப்பிடுவது? வாரிசுரிமை என்பது இரத்தத்தில் இல்லாமல் ஒப்பந்தத்தின் ஒரு வரியில் இருக்கும்போது, அந்த வரியால் பிழைத்தவனுக்கு அது என்ன கடன் வைக்கிறது? 1980இன் ஃபெட்டிடம் இப்படி ஒரு கேள்வியைக் கேட்கவே முடியாது.

ஜியோனோசிஸ் போர்க்களத்தில் ஜெடை மாவீரன் மேஸ் விண்டு ஜாங்கோவின் தலையை வெட்டுகிறார். சிறுவன் தந்தையின் தலைக்கவசத்தை எடுத்து நெற்றியில் வைத்துக்கொள்கிறான். இதன் பின்விளைவைத் தொடர்ந்தது ‘தி க்ளோன் வார்ஸ்’ அனிமேஷன் தொடர். 2010இல் வந்த அதன் இரண்டாம் பருவ இறுதியில், போபா பயிற்சிச் சிறுவர் படையில் ஒருவனாக வேடமிட்டு விண்டுவின் போர்க்கப்பலில் ஏறுகிறான். வேடம் என்று சொல்வதே அதிகம். அங்குள்ள முகம் எல்லாம் அவன் முகம்தான். பழிவாங்கும் முயற்சியில் அந்தக் கப்பலையே வீழ்த்துகிறான். சாகும் வீரர்கள் இரத்தத்தால் அவன் சகோதரர்கள். பிணைக்கைதிகளைக் கொல்லச் சொல்லும்போது தயங்குகிறான். பிடிபட்டபின் விண்டுவிடம், தான் செய்தது கொடுமை என்று ஒப்புக்கொள்கிறான், ஆனால் தொடங்கியது நீங்கள்தான், மன்னிக்க மாட்டேன் என்றும் சொல்லிவிடுகிறான். குற்றத்தை ஏற்று, குறையை விட்டுக்கொடுக்காத இந்த இடத்தில்தான் போபா ஃபெட் முதன்முறையாக முழுப் பாத்திரமாகிறான். பெரும்பாலும் சிறுவர் பார்க்கும் தொடர் என்று ஒதுக்கப்படுவதால் இந்தக் காட்சிக்கு உரிய கவனம் கிடைக்கவில்லை.

மாண்டலோர் என்ற போர்க்குல மரபோடு அவனுக்குள்ள உறவு இன்னொரு சிக்கல். அவன் அணிவது மாண்டலோர் கவசம். அதே 2010இல் மாண்டலோரின் பிரதமர், ஜாங்கோ வெறும் கூலி வேட்டைக்காரன், கவசம் எப்படிக் கிடைத்ததோ தெரியாது என்று கைகழுவினார். பத்தாண்டு கழித்து ‘தி மாண்டலோரியன்’ தொடரின் இரண்டாம் பருவம், ஜாங்கோ மாண்டலோரியர் எடுத்து வளர்த்த அநாதை என்ற சான்றைக் காட்டியது. அந்தத் தொடரின்படி மாண்டலோரியர் என்பது இனமல்ல, ஏற்றுக்கொள்ளும் நெறி. எடுத்து வளர்க்கப்பட்ட பிள்ளைக்கும் முழு உரிமை உண்டு. நெறிப்படி வாழும் தொடர்நாயகன் டின் ஜாரின், நெறி ஏற்காதவனுக்குக் கவசம் கிடையாது என்கிறான். போபாவின் வாதம் எளிமையானது: இது என் தந்தையுடையது. 2020 டிசம்பரில் வெளியான பருவ இறுதியில், அரச வாரிசான போ-காட்டன் அவனை வெறும் குளோன் என்று இகழ்ந்து நீ மாண்டலோரியன் அல்ல என்றபோது, அப்படி நான் சொன்னதே இல்லையே என்கிறான். ஒரே கவசத்தின்மேல் நெறியின் உரிமை, குலத்தின் உரிமை, மகனின் உரிமை என மூன்று கோரிக்கைகள். மூன்றில் மகனின் உரிமைக்கு மட்டும் எந்தச் சமூகத்தின் சாட்சியும் இல்லை.

கடந்தகாலமே அவனுக்கு அறச்சிக்கலைத் தந்தது என்ற வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. முகமற்றவனாக இருந்தபோது பார்ப்பவர் தம் கற்பனையை அவன்மேல் ஏற்றிக்கொள்ள முடிந்தது. பரம்பரை வந்ததும் கதவு மூடிவிட்டது. பழைய படங்களில் ஃபெட்டாக நடித்த ஜெரமி புல்லாக் கவசத்துக்குள்ளிருந்து வெறும் நிற்கும் பாங்கால் ஏற்படுத்திய விளைவை, எந்தப் பிறப்புக் கதையும் ஏற்படுத்தவில்லை என்பார்கள். புல்லாக்கின் உடல்மொழி பற்றி எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. 1980 படத்தின் 2004 டிவிடி பதிப்பில் ஃபெட்டுக்கு ஜேசன் விங்ரீன் தந்த பழைய குரலை அழித்து, ஜாங்கோவாக நடித்த டெமுவேரா மாரிசனின் குரலைப் புகுத்தியது, ஒரு நடிகரின் உழைப்பைப் பின்தேதியிட்டு நீக்கிய செயல். அதை நியாயப்படுத்த முடியாது. ஆனால் பார்ப்பவர் ஏற்றிக்கொள்வது பார்ப்பவருடைய சொத்து, பாத்திரத்தின் குணம் அல்ல. எதுவும் எழுதப்படாத இடத்தை ஆழம் என்பதில் ஓர் அபாயமும் இருக்கிறது: அங்கே எல்லோரும் தமக்குப் பழகிய முகத்தையே பொருத்துவார்கள். 2002இல் தந்தையாகவும் மகனாகவும் வந்த மாரிசன், டேனியல் லோகன் இருவரும் நியூசிலாந்தின் மாவோரி மக்கள். ஹாலிவுட் ரசிகர்களில் எத்தனை பேர் அந்தத் தலைக்கவசத்துக்குள் ஒரு மாவோரி முகத்தை வைத்துப் பார்த்திருப்பார்கள்? 2020இல் திரும்பி வந்தபோது, மாவோரி மரத்தண்டாயுதமான தையாஹாவில் தாம் பெற்ற பயிற்சியைச் சண்டைக் காட்சிக்குள் மாரிசன் கொண்டுவந்தார். கதைக்கு உள்ளே அவனுக்குக் குலம் மறுக்கப்பட்ட பருவத்திலேயே, நடிகரின் குலம் அவன் கையசைவில் தெரிந்தது.

இந்த வழி ‘தி புக் ஆஃப் போபா ஃபெட்’ தொடரில் (2021 டிசம்பர் முதல் 2022 பிப்ரவரி வரை) தடம் மாறியது. 1983 படத்தில் அலறலோடு விழுந்த சார்லாக் என்ற மிருகத்தின் குழியிலிருந்து தப்பியவனை டஸ்கன் பாலைவனக் குடியினர் முதலில் அடிமையாக்கி, பின் தம்மவனாக ஏற்று, ஆயுதம் செய்யக் கற்றுக்கொடுக்கிறார்கள். தந்தையால் தேர்ந்தெடுக்கப்பட்டவனை இப்போது ஒரு குடி தேர்ந்தெடுக்கிறது. தொடரின் சிறந்த பகுதி இதுதான். ஆனால் அந்தக் குடி அழிக்கப்பட்டு, அவன் ஜப்பாவின் இருக்கையைப் பிடித்ததும், பயத்தால் ஆளாமல் மரியாதையால் ஆள்வேன் என்னும் சாதுவான தலைவனாகிவிடுகிறான். குற்றக் கூட்டத்துக்குத் தலைமை வகிப்பவன் என்ன குற்றம் செய்கிறான் என்பதே கடைசிவரை தெரிவதில்லை. ஏழு பகுதிகளில் ஐந்தும் ஆறும் பெரும்பாலும் டின் ஜாரினுக்கே போய்விட்டன. மனிதர் வயதாகித் திருந்துவது இயல்புதானே என்று தொடரை ஆதரிப்பவர்கள் கேட்கிறார்கள். திருந்துவதை யாரும் மறுக்கவில்லை; எதிலிருந்து திருந்தினான் என்பதைத் தொடர் காட்டவில்லை. பழைய எதிரி கேட் பேன், நீ இன்னும் கொலைகாரன்தான் என்று சீண்டுகிறான், அதற்குப் பதில் வாதமாக வராமல் குத்தாக வருகிறது. தந்தை விற்ற படையைப் பற்றி, தன் முகத்தோடு செத்தவர்களைப் பற்றி, அந்தத் தொடரில் அவன் யோசிப்பதே இல்லை.

அதே 2021இல் மார்வெல் காமிக்ஸ் ‘வார் ஆஃப் தி பவுண்டி ஹன்ட்டர்ஸ்’ என்ற வரிசையை வெளியிட்டது. சார்ல்ஸ் சோல் எழுதிய அதன் கதை, 1980, 1983 படங்களுக்கு இடைப்பட்ட காலத்தில் நடக்கிறது. உறைந்த சோலோவை வழியில் களவுகொடுத்துவிட்ட ஃபெட், சரக்கை மீட்கப் பாரபட்சமில்லாமல் ஆட்களைக் கொன்றுகொண்டே போகிறான். திரையில் மரியாதையால் ஆள்பவனும், அச்சில் கூலிக்குக் கொல்பவனும் அந்த ஆண்டு ஒரே பெயரில் விற்பனையில் இருந்தார்கள்.