எடைக்குப் போகும் நிரல்

உக்கடத்தின் பழைய இரும்புக் கடைகளில் மின்னணுச் சில்லுக்கு எடைதான் விலை. அதற்குள் இருக்கும் நிரலை யார் எழுதினார் என்று யாரும் கேட்பதில்லை. வீடியோ கேம்களின் தொடக்க காலமும் அப்படித்தான் இருந்தது.

கரோல் ஷா 1978-இல் அமெரிக்காவின் அடாரி நிறுவனத்தில் சேர்ந்தார். எழுதியவர் ஆணோ பெண்ணோ, பெட்டியில் பெயர் போடாத நிறுவனம் அது. அங்கே அவர் எழுதிய ‘போலோ’ விற்பனைக்கே வரவில்லை, மாதிரியாகவே நின்றுபோனது.

அக்கால மாதிரிகள் பெரும்பாலும் ஈப்ரோம் சில்லுகளில் பதியப்பட்டன. அவற்றில் தரவு என்பது அடைத்துவைத்த மின்னூட்டம். ஆண்டுகள் போகப்போகக் கசியும். பழுதுபார்ப்பவர் சில்லைப் பலமுறை படித்து, மாறிவரும் பைட்டுகளைக் குறித்து, இன்னொரு பிரதியோடு ஒப்பிடுவார். பிரதி இல்லையென்றால் ஊகம்தான்.

ஊகத்தில் ஆபத்து உண்டு. ஷாவின் ‘ரிவர் ரெய்ட்’ (1982) விளையாட்டில் ஆற்றின் போக்கு சேமிக்கப்படவில்லை. ஒரு தொடக்க எண்ணிலிருந்து கணக்கிடப்படுகிறது. அந்த எண்ணில் ஒரு பிட் மாறினால் வேறோர் ஆறு ஓடும். விளையாட்டு இயங்கும், ஆனால் அது அவர் எழுதியதாக இருக்காது.

ஊகத்துக்கு மாற்று, எழுதியவரின் தாள்கள். ஷா தன் மூல நிரலின் அச்சுப்படிகளையும் வடிவமைப்புக் குறிப்புகளையும் பத்திரமாக வைத்திருந்து, 2017-இல் ராச்செஸ்டரிலுள்ள ‘தி ஸ்ட்ராங்’ அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்.

கோவைப் பொறியியல் கல்லூரிகளில் படித்து நிரல் எழுதிய பெண்களும் பலர். கல்யாணம், வீடு மாற்றம், இடமில்லை என்று அவர்களுடைய நோட்டுகள் பழைய பேப்பர்காரரிடம் போகின்றன. தாள் எடைக்குப் போன பிறகு, சில்லில் மிஞ்சியதில் எது அவள் எழுத்து, எது பிழை என்று சொல்ல ஆளிருக்காது.