பரங்கிமலையும் 296 பேரும்

மேடவாக்கத்துல இருந்து ஆபீஸ் போறப்போ தினமும் பரங்கிமலையைத் தாண்டுவேன். பரங்கின்னா போர்த்துகீசியர், பிறகு பொதுவா ஐரோப்பியர். ஊர்ப் பேர்லயே மக்கள் கணக்கு இருக்கு.

16-ஆம் நூற்றாண்டுல மலைமேல போர்த்துகீசிய சர்ச். 18-ல ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் கட்டின படிக்கட்டு. அப்புறம் பிரிட்டிஷ் பட்டாளம், ரயில்வே. கூடவே ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள்.

இவங்களுக்கு மக்களவையில 2 நியமன இடங்கள் இருந்துச்சு. 2019-ல அதை நிறுத்தின விவாதத்துல மத்திய அரசு சொன்ன எண்: 2011 சென்சஸ்படி நாடு முழுக்க 296 பேர்!

அரசியலமைப்புப்படி அப்பாவழியில ஐரோப்பிய மூதாதை இருந்தா ஆங்கிலோ-இந்தியர். சென்சஸ்ல மதம், தாய்மொழி கேட்டாங்க; மூதாதையைக் கேக்கவே இல்ல. ஃபார்ம்ல இல்லாத கேள்விக்கு எப்படிங்க சரியான பதில் வரும்?